தண்டனை முடிந்தவருக்கு வேலை கொடுங்கள்: விருத்தாசலம் மக்களிடம் ஒரு வேண்டுகோள்

கடலூர் கேப்பர் மலையில் இருக்கும் மத்திய சிறையில் தண்டனைக் காலம் முடிந்து, நெய்வேலி வழியாகப் பேருந்து பிடித்து விருத்தாசலம் வந்து இறங்குகிறவர் சட்டப்படி கணக்கைத் தீர்த்துவிட்டவர். ஊர் மட்டும் அந்தக் கணக்கை மூடுவதில்லை. வாடகை வீடு கேட்டால் கதவு சாத்தப்படுகிறது. வேலை கேட்டால் "அப்புறம் சொல்றோம்" என்கிறார்கள். இதைப் பற்றி ஊரோடு பேச வேண்டும் என்று விருத்தாசலத்தைச் சேர்ந்த சிலர் ஒன்றுசேர்ந்திருக்கிறார்கள். செராமிக் பட்டறை வைத்திருப்பவர்கள், சூளையில் வேலை பார்ப்பவர்கள், வழக்கறிஞர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் என்று பலரும் அதில் உண்டு. வேலையைப் பற்றிய தங்கள் வேண்டுகோளை அவர்கள் துப்பாக்கிச் சட்டத்திலிருந்து தொடங்குகிறார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது.

இந்தியாவில் துப்பாக்கி வைத்திருப்பது யாருக்கும் பிறப்புரிமை கிடையாது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் வாங்கித்தான் வைத்துக்கொள்ள முடியும். அந்தச் சட்டத்தின் 9-வது பிரிவு, யாரிடம் துப்பாக்கி இருக்கக் கூடாது என்று சொல்கிறது. 21 வயது நிரம்பாதவர்களிடம் இருக்கக் கூடாது. அமைதி காப்பதாகவோ நன்னடத்தைக்காகவோ பிணைப்பத்திரம் எழுதிக் கொடுத்தவர்களிடம் அந்தப் பத்திரக் காலம் முடியும்வரை இருக்கக் கூடாது. வன்முறையோ ஒழுக்கக்கேடோ அடங்கிய குற்றத்துக்காகச் சிறைத்தண்டனை பெற்றவர்களுக்கும் தடை உண்டு. ஆனால் அது எத்தனை நாளைக்கு? தண்டனை முடிந்த தேதியிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்கு. அதன் பிறகு அவர் மற்றவர்களைப் போலவே விண்ணப்பிக்கலாம். காவல் நிலையத்திலிருந்து அறிக்கை போகும். பொதுப் பாதுகாப்புக்கு ஆபத்து என்று மாவட்ட நிர்வாகம் கருதினால் மறுக்கும். மறுத்தால் மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறது.

இந்த ஏற்பாடு சரியானது என்றே இந்தக் குழுவினர் நினைக்கிறார்கள். சிறையிலிருந்து வந்தவர் கையில் மறுநாளே துப்பாக்கியைக் கொடுக்கச் சட்டம் சொல்லவில்லை. சாகும்வரை அவரை ஆபத்தானவர் என்று முத்திரை குத்தவும் இல்லை. ஐந்து ஆண்டு பொறுத்திருந்து, அந்த மனிதர் எப்படி வாழ்கிறார் என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கச் சொல்கிறது.

அமெரிக்காவில் இப்படி இல்லை. ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்கக்கூடிய குற்றம் எதுவானாலும், அதில் தண்டிக்கப்பட்டவர் பொதுவாக வாழ்நாள் முழுக்கத் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்கிறது அங்குள்ள கூட்டாட்சிச் சட்டம். பென்சில்வேனியாவைச் சேர்ந்த பிரையன் ரேஞ்ச் என்பவர் 1995-இல் வருமானத்தைக் குறைத்துச் சொல்லி, அரசின் உணவு உதவியாக 2,458 டாலர் பெற்றுவிட்டார். குற்றத்தை ஒப்புக்கொண்டார், ஒருநாள்கூடச் சிறையில் இருக்கவில்லை. ஆனாலும் அந்தத் தடை அவரை விடவில்லை. வழக்குப் போட்டு, 2023-இலும் மறுபடி 2024 டிசம்பரிலும் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார். தடையை நீக்கக் கேட்டு அரசிடம் விண்ணப்பிக்கும் வழி அங்கே சட்டத்தில் இருந்தது. ஆனால் 1992 முதல் அந்த வேலைக்கு அமெரிக்க நாடாளுமன்றம் பணம் ஒதுக்காததால் வழி அடைந்துபோனது. 2025-இல் அதை வேறு விதமாகத் திறந்தபோது முதலில் பயன் பெற்றவர்களில் ஒருவர் நடிகர் மெல் கிப்சன். 2011-இல் குடும்ப வன்முறை வழக்கில் தண்டிக்கப்பட்டவர் அவர். அவருக்குப் பரிந்துரை எழுத மறுத்த பிறகே தன்னைப் பணிநீக்கம் செய்தார்கள் என்று மன்னிப்பு மனுக்களைக் கவனித்துவந்த அதிகாரி லிஸ் ஓயர் வெளிப்படையாகச் சொன்னார். எல்லோருக்கும் ஒரே பூட்டுப் போட்டால், கடைசியில் செல்வாக்குள்ளவருக்கு மட்டும் சாவி கிடைக்கிறது.

இந்தியச் சட்டம் துப்பாக்கி விஷயத்தில்கூட ஒரு தேதி குறித்திருக்கிறது. உயிரைப் பறிக்கக்கூடிய பொருளுக்கே ஐந்து ஆண்டு போதும் என்று நாடாளுமன்றம் முடிவு செய்திருக்கும்போது, களிமண் கூழை அச்சில் ஊற்றும் வேலைக்கு விருத்தாசலம் எந்தக் கணக்கில் ஆயுள் தடை போடுகிறது? குழுவினர் ஊராரிடம் கேட்பது இந்த ஒரு கேள்வியைத்தான்.

மற்ற உரிமைகளுக்கும் சட்டம் எல்லை குறித்தே வைத்திருக்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62-வது பிரிவுப்படி சிறையில் இருக்கும்வரை வாக்களிக்க முடியாது; வெளியே வந்துவிட்டால் முடியும். இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர்கூட, விடுதலையாகி ஆறு ஆண்டு கழிந்தால் சட்டமன்றத்துக்கே போட்டியிடலாம். ஊரை ஆளத் தகுதி திரும்பக் கிடைத்தவருக்கு ஊரில் ஒரு கூலி வேலை கிடைக்காமல் போவது நியாயமாகாது.

நடிகர் சஞ்சய் தத்தை எல்லோருக்கும் தெரியும். மும்பைக் குண்டுவெடிப்புக் காலத்தில் ஏகே-56 துப்பாக்கி வைத்திருந்ததற்காக ஆயுதச் சட்டத்தில் தண்டிக்கப்பட்டவர். 2013 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அவருடைய தண்டனையை ஐந்து ஆண்டாகக் குறைத்து உறுதி செய்தது. 2016 பிப்ரவரி 25 அன்று எரவாடா சிறையிலிருந்து வெளியே வந்தார். 2023-இல் 'லியோ' படத்தில் அவரைப் பார்த்துத் தமிழ்நாட்டுத் திரையரங்குகளில் கைதட்டினார்கள். அதில் தவறு ஏதும் இல்லை. தண்டனையை அனுபவித்தார், தொழிலுக்குத் திரும்பினார். அதே திரையரங்கிலிருந்து வெளியே வருகிறவர், அடிதடி வழக்கில் ஓராண்டு இருந்துவிட்டு வந்த பக்கத்துத் தெருப் பையனைப் பட்டறையில் சேர்க்கத் தயங்குகிறார் என்றால், அந்தப் பையனுக்கு நடிகருக்குக் கிடைத்த மன்னிப்பில் ஒரு துளியும் கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

விருத்தாசலத்துக்கு இதைப் பற்றிப் பேசத் தனிக் கடமை உண்டு. இந்த வட்டாரத்தின் முதனை கிராமத்தைச் சேர்ந்த குறவர் சமூகத்து ராஜாகண்ணு, 1993-இல் ஒரு திருட்டு வழக்கு விசாரணைக்கென்று பிடிக்கப்பட்டு, கம்மாபுரம் காவல் நிலையத்தில் அடித்துக் கொல்லப்பட்டார். அவர் மனைவியின் விடாப்பிடியான போராட்டமும் அன்றைய வழக்கறிஞர் சந்துருவின் உழைப்பும் சேர்ந்துதான் காவலர்களைத் தண்டனை வரை கொண்டுபோயின. 'ஜெய் பீம்' படம் வந்த பிறகு உலகமே அறிந்த கதை அது. ராஜாகண்ணு தண்டனை பெற்றவர்கூட இல்லை. "இவன் செய்திருப்பான்" என்ற சந்தேகமே அவரைக் கொன்றது. அந்தச் சந்தேகத்துக்கு ஒரு சட்டப் பரம்பரை உண்டு. 1871-இன் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்து, பிறந்த குழந்தையையும் குற்றவாளிச் சமூகம் என்று எழுதிவைத்தது. நாடு முழுவதும் அது 1952-இல் ரத்தானது. ஆனால் அதன் இடத்தில் 'வழக்கமான குற்றவாளி' என்ற பெயரில் மாநிலச் சட்டங்கள் வந்தன. சிறைகளுக்குள் சாதி பார்ப்பதையும், சீர்மரபினரை அந்தப் பெயரால் அடையாளப்படுத்துவதையும் உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில்தான் அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது.

பாதிக்கப்பட்டவர்களை மறந்துவிட்டுப் பேசவில்லை என்று குழுவினர் அழுத்தமாகச் சொல்கிறார்கள். வெட்டுப்பட்டவரும் பிள்ளையைப் பறிகொடுத்தவரும் மன்னிக்க வேண்டும் என்று கேட்க யாருக்கும் உரிமை இல்லை. குழந்தைகளிடம் அத்துமீறியவரைக் குழந்தைகள் இருக்கும் இடத்தில் வேலைக்கு வைக்கும்படியும் அவர்கள் கேட்கவில்லை. துப்பாக்கி உரிமம் பற்றியும் அவர்களுக்குத் தாராள மனது இல்லை. பயிர்க் காவலுக்கு என்று யாராவது விண்ணப்பித்து, விசாரிக்கக் காவலர் தெருவுக்கு வந்தால், அந்த வீட்டில் குடித்துவிட்டுப் பெண்டாட்டி பிள்ளைகளை அடிக்கும் பழக்கம் இருப்பதை அக்கம்பக்கத்தார் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்கிறார்கள். பழைய தண்டனைச் சீட்டைவிட இன்றைய நடத்தைதான் அங்கே முக்கியம். உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். 2019-இல் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு தண்டனைகள் கடுமையாகிவிட்டன. முயலுக்கு வைத்த துப்பாக்கிக்காகக் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடும்.

வேலை விஷயத்தில் செராமிக் பட்டறைகளால் நிறையச் செய்ய முடியும். நெய்வேலிக் களிமண்ணை நம்பி வளர்ந்த இந்தத் தொழிலில் மண் கலக்கவும், அச்சு வார்க்கவும், காயவைக்கவும், மெருகு பூசவும், சூளையில் அடுக்கவும் ஆள் வேண்டும். பெரிய படிப்பு தேவையில்லை. கை பழகினால் போதும். "மேல கேஸ் இருக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அனுப்பிவிடாதீர்கள் என்று குழுவில் உள்ள பட்டறைக்காரர்கள் தங்கள் சக தொழில்காரர்களிடம் கேட்கிறார்கள். என்ன வழக்கு, விசாரணையில் இருக்கிறதா, விடுதலையா, தண்டனையா, தண்டனை எப்போது முடிந்தது என்று விசாரியுங்கள். காவல்துறைச் சரிபார்ப்புச் சான்று வாங்கினால் அதை முழுதாகப் படியுங்கள். அரசு வேலை தொடர்பான அவதார் சிங் வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றமே, அற்பமான வழக்கு ஒன்றை மறைத்ததற்காக மட்டும் ஒருவரை ஒதுக்காமல் விடலாம் என்று வழிகாட்டியிருக்கிறது.

பயம் இருப்பவர்கள் சென்னை புழலுக்குப் போய்ப் பார்க்கலாம். தமிழ்நாடு சிறைத்துறை நடத்தும் 'ஃப்ரீடம்' பெட்ரோல் பங்குகளில் தண்டனையை இன்னும் முடிக்காதவர்களே பொதுமக்களுக்குப் பெட்ரோல் போடுகிறார்கள். பெண் கைதிகளே நடத்தும் பங்க் ஒன்று 2023-இல் அங்கே திறக்கப்பட்டது. தண்டனைக் காலத்திலேயே அரசு அவர்களை நம்பி வேலை கொடுக்கிறது.

வீட்டு உரிமையாளர்களிடமும் அவர்கள் கேட்கிறார்கள்: வாடகைக்கு வருகிறவரின் குடும்பத்தைப் பார்த்து முடிவெடுங்கள். சிறையிலிருந்து வந்தவரின் பெயர் வாக்காளர் பட்டியலில் விடுபட்டிருந்தால், படிவம் 6 நிரப்பிக் கொடுக்கத் தெருவில் படித்தவர்கள் உதவலாம். காவல் நிலையச் சரித்திரப் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கவும், காரணமில்லாமல் மறுபடி மறுபடி நன்னடத்தை வழக்குப் போடுவதை எதிர்க்கவும் மனு எழுதித் தர, குழுவில் உள்ள வழக்கறிஞர்கள் கட்டணம் வாங்காமல் தயாராக இருக்கிறார்கள்.

கார்த்திகை தீபத்துக்கு முந்தைய மாதங்களில் அகல் விளக்கு ஆர்டர் குவியும். பட்டறைகள் கூடுதல் ஆள் எடுக்கும். இந்த முறை அப்படி ஆள் எடுக்கும்போது ஒவ்வொரு பட்டறையும் தண்டனை முடிந்து வந்த ஒருவரையாவது, மற்றவர்களுக்குத் தரும் அதே கூலிக்கு, சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அவர்கள் கேட்கிறார்கள். சீசன் முடிந்ததும் அவர் வேலை பிடித்திருந்தால் தொடர்ந்து வைத்துக்கொள்ளுங்கள். பிடிக்கவில்லை என்றால், மற்ற எந்தத் தொழிலாளியிடமும் சொல்வதைப் போல, வேலையைக் காரணமாகச் சொல்லி அனுப்புங்கள்.