கரைவழி நடப்போர்க்கு

ஓர் ஊரை அறிய விரும்புவோன் அவ்வூருக்கு நடந்து செல்லுதல் வேண்டும். ஊர்தியில் விரைவோனுக்கு இடைவழி ஊர்கள் வெறும் பெயர்ப்பலகைகளே. நடப்போனுக்கோ ஒவ்வோர் ஊரும் நீரும் நிழலும் நல்கும். ஆகவே, கடற்கரை வழியே நெடுந்தூரம் நடக்க விழையும் இளைஞரை நான் பாராட்டுவேன். எனினும், ஆலந்தலை என்னும் ஊரைச் சான்றாகக் காட்டி அவர்கட்கு ஒன்று கூற விரும்புகின்றேன். கடற்கரை கண்டு மகிழ்தற்குரிய காட்சி மட்டும் அன்று. அது பலர் உழைத்து வாழும் களமும் ஆகும்.

தூத்துக்குடியினின்று தெற்கு நோக்கிச் செல்வோன், தாமிரபரணி கடலொடு கலக்கும் புன்னைக்காயலைக் காண்பான். முத்தால் புகழ்பெற்ற கொற்கை, ஆறு கொணர்ந்த வண்டலால் கடல் விலகிப்போக, இன்று உள்நாட்டுச் சிற்றூராய் இருத்தலை எண்ணி வியப்பான். காயற்பட்டினம், வீரபாண்டியன்பட்டினம், திருச்செந்தூர் ஆகியவற்றைக் கடந்தபின் ஆலந்தலை தோன்றும். அதற்கும் தெற்கே குலசேகரன்பட்டினமும் மணப்பாடும் உள்ளன. குமரிமுனையோ இன்னும் நெடுந்தொலைவு.

முத்துக்குளித்துறையின் பழைய ஏழு ஊர்களுள் ஆலந்தலையும் ஒன்று. இக்கடலில் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றது. மீன்பிடித்தலே இன்று இவ்வூரார் வாழ்வு. கொண்டல், கோடை, தென்றல், வாடை எனக் காற்றின் பெயர்களை நாம் நூலிற் கற்கின்றோம். இக்கரையாரோ மேல்காற்றைக் 'கச்சான்' என்பர். அதன் போக்கறிந்தே கடல்மேற் செல்வர். நமக்குப் பாடமாக உள்ளது அவர்கட்கு உயிர்க்காவலாக உள்ளது.

இக்கரையில் ஊர் ஊராக நடந்தவருள் ஒருவர் பிரான்சிஸ் சவேரியார். அவர் 1544-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் ஆலந்தலையிலிருந்து தம் தோழர் மான்சிலாசுக்கு ஒரு மடல் வரைந்தார். தூத்துக்குடியிலிருந்த போர்த்துக்கீசியத் தலைவனின் கப்பலும் வீடும் எரியுண்டன; அவன் தீவுகளுக்கு ஓடினான் என்ற செய்தி அப்போது வந்திருந்தது. அத்தலைவனின் செயல்களைச் சவேரியார் முன்னரே கண்டித்தவர். ஆயினும், புன்னைக்காயல் மக்களோடு விரைந்து சென்று, தோணிகளில் குடிநீர் கொண்டுபோய் உதவுமாறு எழுதினார். கடலின் அழகை எழுதுதற்கு அன்று அவருக்கு நேரமில்லை. பிறர் தாகமே அவர் கண்முன் நின்றது. கரைவழி நடப்போர்க்கு இதனினும் சிறந்த முன்மாதிரி வேண்டுமோ?

"கரை எல்லார்க்கும் பொது அன்றோ? நடப்பதில் என்ன தடை?" எனச் சிலர் வினவலாம். பொதுவே, ஐயமில்லை. ஆனால், நமக்கு நடைபாதையாகும் மணலே அவர்கட்குப் படகேற்றும் துறை. வலை உலர்த்தும் முற்றம். பழுது பார்க்கும் பட்டறை. கடல் அரித்து மணல் குறையுமாயின், நாம் வேறு வழியாய் நடந்துவிடலாம். அவர்களோ படகை எங்கே ஏற்றுவர்? அதனாலன்றோ, அரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவு வேண்டுமென அவர்கள் கேட்டனர்!

ஆதலின், கரைவழி நடக்கும் இளைஞரே! விரித்த வலையை மிதியாது விலகிச் செல்லுங்கள். நெகிழியையும் குப்பியையும் மணலில் எறியாதீர்கள். ஒப்புதலின்றி யாரையும் படம் எடுக்காதீர்கள். ஊர்ப் பெரியவரிடம் காற்றையும் கடலையும் பற்றிக் கேட்டறியுங்கள். எத்தனை கல் தொலைவு நடந்தோம் என்பதைக் கால்கள் அறியும். எத்தனை ஊரை அறிந்தோம் என்பதை உள்ளமே அறியும்.