தட்டின் முதுகில் ஒரு பெயர்

சென்ற மாதத்தில் ஒருநாள் விடியற்காலையில் ரொறன்ரோவிலிருந்து எமது பேரன் தொலைபேசியில் அழைத்தான். 14 வயதுப் பிள்ளை. நாம் நலம் விசாரித்து முடியுமுன்னரே, "அம்மப்பா, ஆரோ ஒருவரின்ர பெயர் எழுதின சாமானைக் கண்டெடுத்தால் நாங்கள் வைச்சிருக்கலாமோ?" என்று கேட்டான். பெயர் இருந்தால் உரியவரிடம் சேர்ப்பிக்க வேண்டியதுதானே, இதில் வழக்கு எங்கே இருக்கிறது என்றோம். "வழக்கு இருக்குது. அப்பா ஒண்டு சொல்லுறார், அண்ணா வேறொண்டு சொல்லுறான்" என்றான். அரை மணிநேரம் அவன் கூறியவற்றைக் கேட்டபின் வழக்கு இருப்பது உண்மையே என ஒப்புக்கொண்டோம். நேயர்களும் கேட்டுத் தீர்ப்புரைக்கட்டும் என்று அதனை இவ்வாரம் இங்கே எழுதுகின்றோம்.

முதலில் ஆட்டத்தைச் சொல்லவேண்டும். நுவரெலியாவுக்குச் சென்றவர்கள் அங்குள்ள கொல்ப் மைதானத்தைக் கண்டிருப்பர். கோலினால் சிறு பந்தை அடித்துத் தொலைவிலுள்ள குழியில் வீழ்த்துவது அவ்வாட்டம். பேரன் ஆடுவதில் பந்துமில்லை, கோலுமில்லை, குழியுமில்லை. பிளாஸ்ரிக் தட்டொன்றைக் கையால் வீசி, கம்பமொன்றிலே தொங்கும் சங்கிலிகளில் படச்செய்து, அவற்றின் கீழுள்ள கூடையில் விழுத்தவேண்டும். குறைந்த வீச்சுகளில் எல்லாக் கூடைகளையும் முடித்தவரே வென்றவர். 'டிஸ்க் கொல்ப்' என்பது இதன் பெயர். எமது கடற்கரைகளிலே பிள்ளைகள் எறிந்து பிடிக்கும் 'பிறிஸ்பி'க்கு இதன் தட்டு தம்பி முறையானது. ஆயினும் அதனிற் சிறியது, விளிம்பு கூரியது. பெரும்பாலும் 150 முதல் 175 கிராம் வரை நிறையுள்ளது.

இந்தச் சங்கிலிக் கூடையை ஆக்கியவர் எட் ஹெட்றிக் என்னும் அமெரிக்கர். 1975இல் கலிபோர்னியாவிலுள்ள ஓக் குறோவ் பூங்காவில் முதலாவது நிரந்தர டிஸ்க் கொல்ப் களம் அமைவதற்குக் காரணராயிருந்தவரும், 1976இல் இவ்வாட்டத்துக்குரிய தொழில்முறைச் சங்கத்தைத் தோற்றுவித்தவரும் அவரே. 2002இல் அவர் காலமானபோது, அவரது விருப்பத்தின்படியே அவருடைய சாம்பல் பிளாஸ்ரிக்குடன் கலக்கப்பட்டு எறியும் தட்டுகளாக வார்க்கப்பட்டது. அத்தட்டுகளுள் ஒன்றை எவரேனும் எறிந்து தொலைத்திருப்பரோ என்று எண்ணிப் பார்க்க எமக்கு மனம் துணியவில்லை.

தொலைதல் இவ்வாட்டத்தின் கூடப்பிறந்த குறை. களங்கள் பெரும்பாலும் பொதுப் பூங்காக்களில், மரஞ்செடிகளுக்கும் நீரோடைகளுக்கும் நடுவே அமைந்தவை. காற்று சிறிது மாறினாலும் தட்டு பற்றைக்குள் நுழைந்துவிடும். நீரில் வீழ்ந்தால் பெரும்பாலானவை அமிழ்ந்துபோகும். போட்டி விதிகளின்படி தேடுவதற்கு 3 நிமிடங்களே உண்டு. உடன் ஆடுபவர்களும் சேர்ந்து தேடவேண்டும். தேடாமல் நிற்பது மரியாதைக் குறைவாகக் கொள்ளப்படும். அதற்குள் அகப்படாவிடில் தட்டு தொலைந்ததாகும். எறிந்தவர் ஒரு வீச்சுத் தண்டனையுடன் முன்னின்ற இடத்துக்குத் திரும்பி மீண்டும் எறியவேண்டும். ஆட்டத்தின் கணக்கு அவ்வளவுடன் முடிந்தது. தட்டு யாருடையது என்ற கணக்கு அவ்வாறு முடிவதில்லை.

புதுத் தட்டு ஒன்றை ஏறத்தாழ 20 டொலருக்கு வாங்கலாம். இதற்கு ஏன் இத்தனை ஆரவாரம் என்று நேயர்கள் கேட்கக்கூடும். நாமும் கேட்டோம். மரங்களிலும் கற்களிலும் மோதி மோதித் தட்டின் பறப்பு மாறுமாம். புதிதாயிருக்கையில் இடப்புறம் வளைந்தது, பழகப் பழக நேரே செல்லும். ஒருவர் தம் கைக்கு இசைவாக இரண்டு மூன்று ஆண்டுகள் பழக்கிய தட்டைக் கடையில் வாங்க இயலாது. முதல் வீச்சிலேயே கூடையில் விழுந்த தட்டாயின், உடனிருந்த நண்பர்கள் அதில் கையொப்பமிட்டுக் கொடுக்கும் வழக்கமும் உண்டு. பழகிய அகப்பையைத் தொலைத்த வீட்டுக்காரிக்கு இது எளிதில் விளங்கும்.

இதனாலேயே ஆட்டக்காரர் தட்டின் உட்புறத்தில் அழியாத மார்க்கர் பேனாவினால் தம் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதி வைக்கின்றனர். கண்டெடுத்தவர் அழைக்கவேண்டும், அல்லது செய்தி அனுப்பவேண்டும் என்பது எழுதாத சட்டம்.

இனிப் பேரனின் வழக்கு. விலங்குகளைப் பற்றிக் கதைகள் எழுதிய ஏணஸ்ற் தொம்சன் சீற்றன் என்பாரின் பெயர்தாங்கிய பூங்காவொன்று ரொறன்ரோவில் உண்டு. டொன் ஆற்றின் மேற்குக் கிளை அதனூடே செல்கின்றது; அங்கே டிஸ்க் கொல்ப் களமும் இருக்கிறது. அங்கு ஒரே மாலையில் அவனுக்கு இரண்டு தட்டுகள் கிடைத்தன. ஒன்று நீலம், ஆற்றங்கரைச் சேற்றில் பாதி புதைந்து கிடந்தது, பெயரும் இலக்கமும் உண்டு. மற்றது செம்மஞ்சள், பற்றைக்குள் கிடந்தது, எழுத்தேதும் இல்லை. "எப்பவோ துலைச்சவன் இப்ப வேறை வாங்கியிருப்பான், இரண்டையும் நீயே வைச்சிரு" என்பது தமையனின் கட்சி. பிறர் பொருளைத் தொடாதே, எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டு வா என்பது தந்தையின் கட்சி. எமது மருமகன் யாழ்ப்பாணத்தில் கட்டுப்பாடாக வளர்ந்தவர்; கிடந்த பொருளைக் குனிந்து பார்ப்பதே அவருக்குக் குற்றம்.

நாம் மருமகனின் பக்கமே சாய்ந்தோம். பிள்ளை விடவில்லை. "இளவேனிலிலை பனி உருகி ஆறு பெருகும், அம்மப்பா. திருப்பிப் போட்டால் ஏரிக்குப் போயிடும். அது ஆருக்கு நன்மை?" என்றான். விடை சொல்ல இயலாமற் போயிற்று. திறந்த புல்வெளியில் கிடக்கும் தட்டைத் தொடலாகாது என்பது உண்மையே. அயற் கூடைக்கு ஆடும் ஒருவர் சற்றுமுன் எறிந்ததாக அது இருக்கலாம், எடுப்பவர் அவருடைய ஆட்டத்தைக் கெடுத்தவராவார். ஆகையால் முதலில் சுற்றிப் பார்த்து, குரல் கொடுத்துக் கேட்கவேண்டும். சேற்றில் புதைந்ததற்கு இந்த நியாயம் பொருந்தாது. அதனை விட்டுவருவது நேர்மைபோலத் தோன்றுகின்ற சோம்பல் என்றே இப்போது எண்ணுகின்றோம்.

தமையனின் கட்சிக்கும் விடை வேண்டுமன்றோ? எமது பழைய தண்டனைச் சட்டக்கோவையை எடுத்துப் பார்த்தோம். அது 1883ஆம் ஆண்டினது, கனடாவில் செல்லாது. ஆயினும் கண்டெடுத்தவனைப் பற்றி அது கூறுவது இவ்வழக்கிற்கென்றே எழுதியது போலிருந்தது. உரியவருக்காகக் காப்பதற்கோ அவரிடம் சேர்ப்பதற்கோ ஒரு பொருளை எடுப்பவன் குற்றவாளி அல்லன். உரியவரை அறிய வழியிருந்தும், நியாயமான முயற்சி செய்து நியாயமான காலம் காத்திராமல் அதைத் தனதாக்கிக் கொள்பவனே குற்றவாளி. எவ்வளவு முயற்சி, எவ்வளவு காலம் என்பதைச் சட்டம் வரையறுக்கவில்லை. பொருளையும் சந்தர்ப்பத்தையும் பார்த்தே சொல்லவேண்டும். பத்து இலக்கங்கள் எழுதப்பட்ட தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வழி தெரியவில்லை என்பவனை எந்த நீதவானும் நம்பமாட்டார்.

அழைத்தபின் நிகழ்வது பலவிதம். சிலர் வந்து பெற்றுக்கொள்வர். சிலர் களத்துக்கு அண்மையிலுள்ள கடையில் கொடுத்துவிடச் சொல்வர். "நீயே வைத்துக்கொள்" என்பாரும் உளர். தபாலில் அனுப்புவதாயின் செலவு தொலைத்தவருடையது. வெகுமதி தந்தால் வாங்கலாம், கேட்கலாகாது. கேட்டுப் பெறுவது வெகுமதியன்று, மீட்புப் பணம்.

மீட்புப் பணம் என்றதும் நீர்நிலைகளின் நினைவு வருகின்றது. குளத்தில் மூழ்கித் தட்டுகளை எடுத்து, அவற்றை விற்பவர்கள் அமெரிக்காவில் உளர். புளோரிடா மாநிலத்தில் லார்கோ என்னுமிடத்துப் பூங்காவொன்றில், டிஸ்க் கொல்ப் களத்தை அடுத்து ஓர் ஏரி உண்டு. நீந்தக்கூடாதென்ற அறிவிப்பும் உண்டு. 2022ஆம் ஆண்டு மே மாத இறுதியில் அங்கே ஒருவர் இறந்து கிடந்தார். தட்டுகளைத் தேடி நீரில் இறங்கியிருக்கலாம் என்றும், முதலையொன்று தாக்கியிருக்கலாம் என்றும் பொலிசார் கருதினர். இருபது டொலர்த் தட்டு! நீரில் போனதைப் போனதாக விட்டுவிடு என்று பேரனுக்குக் கண்டிப்பாகச் சொன்னோம். டொன் ஆற்றில் முதலை இல்லை என்று அவன் சிரித்தான். ஆறு இருக்கிறதே, அது போதாதா?

பெயரில்லாத செம்மஞ்சள் தட்டைப் பற்றி ஆட்டக்காரரிடையே ஒருமித்த கருத்து இல்லையாம். எமது தீர்ப்பு இது: களத்திலே தினமும் ஆடுபவர்களிடம் விசாரிக்கட்டும், ஒரு மாதம் வைத்திருக்கட்டும், எவரும் அதன் நிறையையோ வடுவையோ அடையாளங் கூறிக் கேட்காவிடில் ஆடிக்கொள்ளட்டும். பெயரெழுதச் சோம்பியவர் தம் உரிமையிற் பாதியைத் தாமே எறிந்தவர். இத்தீர்ப்பு கடுமையானதென்று கருதும் நேயர்கள் எழுதலாம்.

நீலத் தட்டின் கதைக்கு வருவோம். அதன் கடைசி இலக்கம் தேய்ந்திருந்தது. 1 எனவும் படிக்கலாம், 7 எனவும் படிக்கலாம். பிள்ளை முதலில் 1ஐ அழைத்தான். தட்டென்றால் சாப்பாட்டுத் தட்டென்று கொண்ட ஓர் அம்மையார் ஏசிவிட்டு வைத்துவிட்டார். அடுத்து 7. எடுத்தவர் முதியவர். தொலைத்து மூன்று இலையுதிர்காலம் ஆயிற்றாம். எந்தக் கூடைக்கு எறிகையில் போனது என்பதையும் காற்று எப்பக்கம் வீசிற்று என்பதையும் மறக்காமற் சொன்னார். முழங்கால் வருத்தத்தினால் இப்போது ஆடுவதில்லையாம். "நீயே வைத்திரு, ஆனால் என் பெயரை ஸ்பிரிற்றினால் துடைத்துவிட்டு உன் பெயரை எழுது. இல்லையேல் நீ தொலைக்கும்போதெல்லாம் என்னையல்லவா அழைப்பார்கள்!" என்றாராம்.

பேரன் அவ்வாறே துடைத்தான். தனக்குத் தொலைபேசி இல்லாமையால், தன் பெயருக்குக் கீழே தகப்பனின் இலக்கத்தை எழுதினான். இரண்டாவது வாரத்தில் அதே கரையில், அதே கூடைக்கு எறிகையில் நீலத்தட்டு மறைந்தது. மூன்று நிமிடமல்ல, பொழுது படும்வரை தேடினார்களாம். தேடியவர்களுள் தமையனும் ஒருவன். தெரியாத இலக்கத்திலிருந்து வரும் அழைப்பை ஒருபோதும் எடுக்காத எமது மருமகன், இப்போது ஒவ்வொன்றையும் எடுத்துக் கேட்கிறார் என்று மகள் சொல்கிறாள்.