சிவப்புத் தொப்பியும் நீலத் துணியும்



புதுச்சேரி என்றதும் வெளியூரானின் கண்முன் என்ன வந்து நிற்கிறது? மஞ்சள் பூசிய சுவர். அதற்கு வெள்ளை விளிம்பு. சுவரோரம் சிவப்புத் தொப்பி அணிந்த போலீஸ்காரர். சுற்றுலா விளம்பரத்தைப் புரட்டினாலும் இவைதாம், கடற்கரைக் கடையில் தொங்கும் படத்தைப் பார்த்தாலும் இவைதாம். சோப்புக் கட்டிக்கு மார்க்கு குத்துவதுபோல ஒரு ஊருக்கே மார்க்கு குத்திவிட்டார்கள்!

அந்த மார்க்கிலே காரைக்கால் எங்கே? ஒரே சட்டமன்றம், ஒரே கஜானா, ஒரே சிவப்புத் தொப்பி. நம் ஊர்ப் போலீசார் தலையிலும் அதே தொப்பிதான் இருக்கிறது. ஆனால் நூற்று முப்பது கிலோமீட்டருக்கு அப்பால், நாகைக்கும் மயிலாடுதுறைக்கும் இடையே வாழும் நம்மைப் பற்றிப் படம் பேசவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி இரண்டு இலட்சம் பேர் வாழும் மண், படத்தின் சட்டத்துக்கு வெளியே நிற்கிறது.

"வேலையில்லை, கூலியில்லை என்று தவிக்கையில் தொப்பியின் நிறம் பற்றி என்னய்யா பேச்சு?" என்று தோழர்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். கூலிக்கும் நிறத்துக்கும் உள்ள உறவைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நிறத்தின் வலிமையை முதலில் அறிந்தவன் வியாபாரி. எழுதப் படிக்கத் தெரியாத கிழவி, "அந்தச் சிவப்பு மேலட்டைத் தீப்பெட்டி கொடு" என்றுதான் கேட்பாள். பெயரை மாற்றினாலும் அவளுக்குக் கவலையில்லை. நிறத்தை மாற்றினால் வேறு சரக்கென்று திருப்பிக் கொடுத்துவிடுவாள். அரசியலும் இதை அறிந்தது. இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலில், 1951-52இல், வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெட்டி வைத்து, பெட்டியின் மீது சின்னத்தை ஒட்டினார்கள். எழுத்தறியாத கோடிக்கணக்கானோர் இரட்டைக் காளையையும் கதிர் அரிவாளையும் குடிசையையும் பார்த்து வாக்களித்தார்கள். (அந்த நாளில் காரைக்காலில் பறந்தது பிரெஞ்சுக் கொடி. 1954 நவம்பர் முதல் நாள்தான் ஆட்சி கைமாறியது.)

ஆனால் சின்னம் எதைத் தாங்கி நிற்கிறது? இதற்கு விடை சொல்லும் சரக்கு ஒன்று புதுச்சேரித் துறையிலிருந்தே போயிற்று. அது நீலத் துணி.

பிரெஞ்சுக்காரர் அதைக் 'கினே' என்றழைத்தனர். பருத்தி நூலில் நெய்து, அவுரிச் சாயத்தில் மீண்டும் மீண்டும் தோய்த்த, கறுப்போ என ஐயுற வைக்கும் ஆழ்ந்த நீலம். அது கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்காவின் செனெகல் ஆற்றங்கரைக்குச் சென்றது. அங்கே வேலம்பிசின் விற்ற மூர் இனத்தார் பணத்துக்குப் பதில் இந்தத் துணியையே கேட்டனர். துணியே நாணயமாயிற்று! அந்தப் பிசின்தான் ஐரோப்பாவின் துணி அச்சுத் தொழிலுக்குத் தேவைப்பட்டது. இலாபம் கண்ட பிரான்ஸ் நாட்டு ஆலை முதலாளிகள் தாங்களும் நீலத் துணி செய்து அனுப்பிப் பார்த்தார்கள். பாலைவனத்து மனிதன் துணியைத் தொட்டான், பளபளப்பைப் பார்த்தான், முகர்ந்தும் பார்த்தான். இது இந்தியத் துணியல்ல என்று தள்ளிவிட்டான். விளம்பரப் பலகையும் இல்லை, சித்திரக்காரனும் இல்லை. சாயத் தொட்டியில் கையை நீலமாக்கிக்கொண்ட தொழிலாளியின் வேலையே முத்திரையாக நின்றது.

அந்தத் தொழிலாளிக்கு என்ன கிடைத்தது? துணிக்குப் பிரெஞ்சுப் பெயர் கிடைத்தது, கம்பெனிக்கு இலாபம் கிடைத்தது, அவன் பெயர் எங்கும் இல்லை. நீல வணிகத்துக்கு நூல் நூற்கப் புதுச்சேரியில் எழுந்தது சவானா மில். அந்த மில்லில்தான் 1936 ஜூலை 30ஆம் நாள், உரிமை கேட்டுப் போராடிய தொழிலாளர் மீது துப்பாக்கி சுட்டு, பன்னிரண்டு பேர் மாண்டனர். மறு ஆண்டு எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. 1898இல் தொடங்கி, 'ரோடியர் மில்' என்று மக்கள் சொல்லிவந்த ஆங்கிலோ-பிரெஞ்சு ஆலை 2020இல் மூடப்பட்டது. ஆலைகள் போயின. மஞ்சள் சுவர் மட்டும் புதுப் பூச்சோடு மினுக்குகிறது!

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரன் இருந்த பகுதிக்கு 'வெள்ளை நகரம்' என்றும், மேற்கே தமிழன் இருந்த பகுதிக்குக் 'கறுப்பு நகரம்' என்றும் பெயரிட்டான். சுவரின் நிறத்தை அல்ல, தோலின் நிறத்தைப் பார்த்து வைத்த பெயர். ஆண்டவன் போய் எழுபது ஆண்டு ஆகிவிட்டது. அவன் வைத்த 'ஒயிட் டவுன்' இன்று விடுதி விளம்பரங்களில் வாடகையை உயர்த்தும் மந்திரச் சொல்! இழிவைத் தாங்கிய பெயரைத் துடைத்துப் பளபளப்பாக்கி, தொழிலாளியின் பிள்ளையையே அங்கே தட்டேந்தும் வேலைக்கு வைக்கிறார்கள். அந்த வேலையும் வேலைதான். அதைக் குறை சொல்லவில்லை. பெயருக்குச் சொந்தக்காரன் யார் என்பதே கேள்வி.

காரைக்காலுக்கு வருவோம். 1739இல் பிரெஞ்சுக்காரன் இந்தத் துறையைத் தஞ்சை மன்னரிடம் பெற்றது தஞ்சைத் துணிக்கும் நெல்லுக்கும் ஆசைப்பட்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே துறையிலிருந்து ரியூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புக் காடுகளுக்கு நம் மக்களை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றினார்கள். சரக்குக்கு முத்திரை, மனிதனுக்குப் பதிவு எண்! இன்று சுற்றுலாத் துறைக்குக் காரைக்கால் என்றால் திருநள்ளாறு, சனியின் கறுப்புத் துணி. (கறுப்பு நமக்கு வேண்டாத நிறமல்ல; அதற்குக் காரணம் வேறு.) மாங்கனித் திருவிழா ஒரு நாள் கூட்டம் சேர்க்கும். மீன்பிடி படகும், காவிரிக் கடைமடையின் நெல்லும், மூட்டை தூக்கும் தோளும் எந்தப் பலகையிலும் இல்லை. 2009இல் தொடங்கிய துறைமுகம் 2023இல் அதானி குழுமத்தின் கைக்குப் போயிற்று. உடைமையாளர் மாறினார். ஒப்பந்தத் தொழிலாளியின் நிலை என்ன மாறியது என்று அங்குள்ள தோழர்கள் கேட்டுச் சொல்லட்டும்.

நாளை ஏதேனும் ஒரு குழு கூடி, காரைக்காலுக்கும் சின்னம் வரைவோம், வண்ணம் தேர்வோம் என்று கிளம்பும். அப்போது மீனவர் பஞ்சாயத்தும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் துறைமுகத் தொழிலாளரும் அந்த அறையில் நாற்காலி கேட்க வேண்டும். சின்னத்துக்கு ஒதுக்கும் தொகை எவ்வளவு, சின்னத்தின் பின்னே நிற்கும் தொழிலுக்கு ஒதுக்கும் தொகை எவ்வளவு? இரண்டையும் ஒரே தாளில் எழுதிக் காட்டச் சொல்ல வேண்டும். மீன் கெடாதிருக்கப் பனிக்கட்டி நிலையமும், நெல் நனையாதிருக்கக் களமும் அந்தத் தாளில் இல்லையென்றால், வண்ணக் குடுவையை மூடி வைக்கச் சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.