நின்று போன தாய்ப்பால் திரும்ப வருமா?

இந்தத் தடவை வந்த கடிதங்களில் ஒன்று முழுசாக மூன்று பக்கம். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக் கொண்டிருப்பதால் போடவில்லை. விஷயம் இதுதான். தலைச்சன் குழந்தை, பெண். பிறந்து 70 நாள் ஆகிறது. 40-வது நாள் தாய்க்கு டைபாய்டு ஜுரம் கண்டு ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டி வந்துவிட்டது. "ஜுரப் பால் குழந்தைக்கு ஆகாது" என்று வீட்டில் டின் பாலுக்கு மாற்றிவிட்டார்கள். மார் கட்டிக் கொண்டு வலித்தபோது மல்லிகைப் பூவை வைத்துக் கட்டினார்களாம். பால் நின்று போச்சு. இப்போது உடம்பு தேறி வீட்டுக்கு வந்தாயிற்று. குழந்தைக்கோ டின் பால் ஒத்துக் கொள்ளாமல் அடிக்கடி வயிற்றுப் போக்கு. "திரும்பப் பால் கொடுக்க ஆசையாக இருக்கிறது அக்கா. சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். வற்றின கிணற்றில் வாளியை விட்டு என்ன பிரயோசனம் என்கிறார் அத்தை" என்று எழுதியிருக்கிறாள்.

வரும் அம்மா. முழுசாக வரும் என்று நான் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் மூன்று மாசம் நிறையாத குழந்தை, நின்று ஒரு மாசம்தான் ஆகிறது என்றால், வருவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். உன் அத்தை கிணறு என்றாரே, அந்தக் கணக்குப்படி பார்த்தாலும் இறைக்கிற கிணறுதானே ஊறும்?

முதலில் ஒன்று. குழந்தைக்கு இன்றைக்கும் வயிற்றுப் போக்கு இருக்கிறதென்றால், இந்தப் பக்கத்தை மூடி வைத்துவிட்டு டாக்டரிடம் தூக்கிக் கொண்டு போ. உச்சிக் குழி உள்வாங்கியிருக்கிறதா, மூத்திரம் குறைந்திருக்கிறதா, அழக்கூடத் தெம்பில்லாமல் துவண்டு கிடக்கிறதா என்று பார். அப்படியானால் ஒரு நாள் கூடப் பொறுக்கக் கூடாது. பால் விஷயம் அதற்குப் பிறகுதான்.

பால் எப்படி ஊறுகிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. மாரில் ஏதோ தொட்டி இருப்பது போலவும், அது காலியானால் தீர்ந்தது என்றும் நினைக்கிறோம். குழந்தை சப்பும்போது அந்தச் சேதி நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி இருக்கிறது. அதிலிருந்து புரோலாக்டின் என்ற ஹார்மோன் இறங்கி வந்து பாலைச் சுரக்க வைக்கிறது. ஆக்ஸிடோசின் என்று இன்னொன்று, சுரந்த பாலை வெளியே தள்ளுகிறது. ஆக, பாலுக்குக் கூப்பாடு போடுவது குழந்தையின் வாய்தான். வாய் வராமல் போனால் பால் நிற்கும். வாய் திரும்பி வந்தால் பாலும் திரும்பும். பிரசவமே ஆகாமல் தத்து எடுத்துக் கொண்ட பெண்களில் சிலருக்குக்கூட இப்படிப் பால் வந்திருக்கிறது என்றால் பார்த்துக் கொள்ளுங்களேன்.

இந்த ஆக்ஸிடோசின் ரொம்ப ரோஷக்காரி. பயம், வலி, அவமானம், மனக் கஷ்டம் எது வந்தாலும் கொஞ்ச நேரம் எட்டிப் பார்க்காது. வீட்டில் சிரிக்கிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அந்தச் சிரிப்பு மனசோடு நிற்பதில்லை, பாலிலேயே கை வைக்கிறது. இதை உன் அத்தைக்கு நீயே வாசித்துக் காட்டு.

மல்லிகைப் பூ சமாசாரத்தையும் சொல்லிவிடுகிறேன். அது வெறும் பாட்டி நம்பிக்கை இல்லை. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள், பால் நிறுத்தக் கொடுக்கும் மாத்திரையையும் மல்லிகைப் பூவையும் ஒப்பிட்டுப் பார்த்து, பூவுக்கும் பால் வற்றும் என்று 1988-ல் எழுதியிருக்கிறார்கள். அதனால் பால் வரவேண்டும் என்கிற நாளில் பூவைத் தலையோடு நிறுத்திக் கொள். ஒரு தடவை பூ வைத்துக் கட்டினதால் பால் நரம்பே செத்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதே. மாத்திரை ஏதாவது கொடுத்திருந்தார்களா என்று மட்டும் ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டி டாக்டரம்மாவிடம் கேட்டுக் கொள். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறாயானால் அதையும் சொல். அவற்றில் ஈஸ்ட்ரோஜென் கலந்த வகை பாலைக் குறைக்கும்.

இனி காரியத்துக்கு வருவோம். இரண்டு மணிக்கு ஒரு தடவை, பகலும் இரவுமாக எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை குழந்தையை மாரில் விட வேண்டும். ஒவ்வொரு பக்கமும் பத்து, பதினைந்து நிமிஷம். ராத்திரியை விட்டுவிடாதே. புரோலாக்டின் ராத்திரியில்தான் அதிகம் சுரக்கிறது. தொட்டிலைக் கொஞ்ச நாள் மறந்துவிட்டுக் குழந்தையைப் பக்கத்திலேயே போட்டுக் கொள். பகலில் நேரம் கிடைத்தபோதெல்லாம் ரவிக்கையைத் தளர்த்தி, குழந்தையின் வெற்றுடம்பு உன் மாரோடு ஒட்டியிருக்கும்படி அணைத்துக் கொண்டு, மேலே சேலையைப் போர்த்திக் கொள். குழந்தை தானே வாயைத் திருப்பித் தேட ஆரம்பிக்கும்.

வாய் வைப்பதிலும் விவரம் இருக்கிறது. காம்பை மட்டும் கவ்வினால் உனக்குப் புண்ணாகும், குழந்தைக்கும் ஒன்றும் கிடைக்காது. வாய் அகலத் திறந்து, காம்பைச் சுற்றியுள்ள கறுப்பு வட்டமும் பெரும்பகுதி உள்ளே போய், முகவாய் மாரில் இடிக்க வேண்டும்.

புட்டி பழகின குழந்தை காலி மாரைச் சப்புமா என்பாய். சப்பாது. இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு வீல் என்று கத்தும். எத்தனையோ பேர் இந்த இடத்தில்தான் 'குழந்தைக்கே பிடிக்கவில்லை' என்று கையை உதறி விடுகிறார்கள். இதற்கு ஓர் உபாயம் உண்டு. மருந்துக் கடையில் மூக்கு வழியாகப் பால் செலுத்தும் மெல்லிய குழாய் கிடைக்கும். 'ஃபீடிங் டியூப்' என்று கேட்டால் கொடுப்பார்கள். எந்த நம்பர் என்பதை டாக்டரம்மாவிடமோ நர்ஸிடமோ கேட்டு வாங்கு. ஒரு முனையைப் பால் இருக்கும் கிண்ணத்தில் போடு. மறுமுனையை மாரின் மேல் வைத்து, காம்பு நுனிக்குச் சரியாக வரும்படி பிளாஸ்திரியால் ஒட்டு. காம்பும் குழாயும் சேர்ந்தே குழந்தையின் வாய்க்குள் போக வேண்டும். சப்பினால் கிண்ணத்துப் பால் வரும். குழந்தைக்கு ஏமாற்றம் இல்லை, உன் மாருக்கும் வேண்டிய தூண்டுதல் கிடைத்துவிடும். கிண்ணத்தை உயர்த்தினால் பால் வேகமாக வரும், தாழ்த்தினால் மெதுவாக வரும். ஒரு வேளைப் பால் அரை மணியில் முடியும்படி பார்த்துக் கொள். முதல் நாள் உனக்குக் கை இரண்டு போதாது. கிண்ணத்தைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். குழந்தையின் அப்பா பிடிக்கட்டுமே, என்ன குறைந்துவிடப் போகிறது? ஒவ்வொரு தடவையும் குழாயைச் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி, சுத்தமான வெந்நீரை உள்ளே செலுத்தி அலசு. சில நாளைக்கு ஒரு தடவை குழாயையே மாற்றிவிடு.

குழாய் கிடைக்காத ஊரில் இருப்பவர்கள், குழந்தை சப்பும்போது மாரின் மேலிருந்து பாலாடையால் சொட்டுச் சொட்டாகப் பாலை வழிய விடலாம். சொட்டு காம்புக்கு வந்து சேரும்போது குழந்தை ருசி கண்டு விடாமல் சப்பும். அடியோடு வாய் வைக்க மறுக்கிற குழந்தையானால், இரண்டு மணிக்கு ஒரு முறை கையால் பீய்ச்சிக் கொண்டே இரு. ஒன்றும் வராவிட்டாலும் பீய்ச்ச வேண்டியதுதான். பசி முற்றி அழும்போது பழக்காதே. அரைத் தூக்கத்தில் இருக்கும்போது விட்டுப் பார்.

புட்டியை மட்டும் எடுத்துப் பரணில் போட்டுவிடு. ரப்பரில் பால் தானாக வந்து விழும், மாரிலோ உழைத்துக் குடிக்க வேண்டும். சுகம் கண்ட குழந்தை உழைக்குமா? நம் பாட்டிமார் வைத்திருந்த பாலாடையும் சங்கும் இருக்கும்போது புட்டி எதற்கு? கழுவுவதும் சுலபம். உன் குழந்தையின் வயிற்றுப் போக்கில் பாதி, அந்தப் புட்டியின் கழுத்து இடுக்கிலேயே உட்கார்ந்திருக்கலாம்.

இப்போது சொல்வதைக் கவனமாகக் கேள். பால் வரவேண்டும் என்ற ஆசையில் டின் பாலைச் சட்டென்று நிறுத்திக் குழந்தையைப் பட்டினி போடக் கூடாது. தண்ணீர் கூட்டி நீர்க்கக் கரைப்பதும் பட்டினிதான். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 150 மில்லி என்பது கணக்கு. நாலு கிலோ குழந்தைக்கு 600 மில்லி. கொதித்த தண்ணீரில், டின்னில் போட்டிருக்கும் அளவுப்படியே கரைத்து, அதைப் பல வேளையாகப் பிரித்துக் கொள். உன் பால் வரத் தொடங்கின பிறகு ஒரு நாள் கணக்கில் 50 மில்லி மட்டும் குறை. சில நாள் அப்படியே இருந்து பார். சரியாக இருந்தால் இன்னொரு 50. சரியா இல்லையா என்று சொல்வது குழந்தையின் அழுகை அல்ல, துணியும் தராசும்தான். நாளைக்கு ஆறு தடவையாவது வெளிறின நிறத்தில் மூத்திரம் போக வேண்டும். வாரத்துக்கு 125 கிராமாவது எடை ஏற வேண்டும். அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ வாரம் ஒரு தடவை நிறுத்துக் குறித்து வை.

எத்தனை நாள் ஆகும்? ஒரு வாரத்தில் கண்டவர்களும் உண்டு, ஆறு வாரம் காத்தவர்களும் உண்டு. என் நாத்தனார் மகளுக்குக் குறைமாசக் குழந்தை. இன்குபேட்டரில் ஒரு மாசம் இருந்ததில் பால் நின்று போய்விட்டது. இதே குழாய் வைத்தியம்தான். எட்டு நாள் வரை ஈரம்கூட இல்லை. ஒன்பதாம் நாள் ராத்திரி ரவிக்கையில் கால் ரூபாய் அளவுக்கு ஈரம். அவள் மாமியார் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மறுநாளிலிருந்து அடுப்படிப் பக்கமே அவளை விடவில்லை. ஒன்றரை மாசத்தில் சாயங்காலம் ஒரே ஒரு பாலாடைதான் வெளிப்பால். கர்நாடகத்தில் தாவணகெரே குழந்தை டாக்டர்கள், ஆஸ்பத்திரியில் படுக்க வைக்காமல் வந்து போகும் தாய்மார்களுக்கே இப்படிப் பாலைத் திரும்ப வரவழைத்ததை 2003-ல் எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலோருக்குப் பலித்திருக்கிறது.

சாப்பாட்டைப் பற்றி எழுதாவிட்டால் நீங்கள் விடமாட்டீர்கள். பால் சுறாப் புட்டு, பூண்டுக் குழம்பு, முருங்கைக் கீரை எல்லாம் தாராளமாகச் சாப்பிடு. ஜுரத்தில் கிடந்து எழுந்த உடம்புக்கு வேண்டியதுதான். ஆனால் குழந்தை சப்பாமல் கூடை கூடையாகப் பூண்டு தின்றாலும் பால் வராது. தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்காமல் பத்தியம் என்று வாயைக் கட்டுகிற வழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். பால் சுரக்க மாத்திரைகளும் இருக்கின்றன. அவற்றில் சிலது மனசைச் சோர வைக்கும், சிலது இருதயத்துடிப்பைப் பாதிக்கும். டாக்டர் உன்னைப் பார்த்து எழுதிக் கொடுத்தாலொழிய, பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள் என்று வாங்கிப் போடாதே.

கைக்குழந்தை உள்ள மற்றச் சகோதரிகளுக்கும் சொல்கிறேன். சாதாரண ஜுரத்துக்கோ, பெரும்பாலான மருந்துகளுக்கோ பாலை நிறுத்த வேண்டியதில்லை. புற்றுநோய் மருந்து போலச் சிலவற்றுக்குத்தான் நிறுத்தச் சொல்வார்கள். "நான் பால் கொடுக்கிறேன், இந்த மருந்து ஆகுமா?" என்று டாக்டரிடம் வாய் திறந்து கேளுங்கள். சில நாள் பிரிந்திருக்கத்தான் வேண்டும் என்றாலும் மூன்று மணிக்கு ஒரு முறை பீய்ச்சிக் கொண்டிருந்தால் பால் நிற்காது.

கடைசியாக, மனசில் அரித்துக் கொண்டிருப்பதாக நீ எழுதின கேள்வி. பாதிப் பால்தான் வந்தது, மீதி டின்தான் என்றால் இவ்வளவு பாடும் வீணா? வீணே இல்லை. கால் வயிறு தாய்ப்பாலிலும் நோயை எதிர்க்கிற சத்து இருக்கிறது. ஆறு வாரம் முயன்றும் சொட்டுக்கூட வரவில்லையென்றால் நிறுத்திவிட்டு, பாலாடையில் சுத்தமாகப் பால் கொடுத்து வளர்த்துக் கொள். யார் என்ன சொன்னாலும் காதில் போட்டுக் கொள்ளாதே. இப்போதைக்கு அத்தையிடம் பழைய பாலாடை பரணில் இருக்கிறதா என்று கேட்டு, கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து வை. இரண்டு மணிக் கணக்கை இன்றைக்கு ராத்திரியிலிருந்தே ஆரம்பித்துவிடலாம்.