உயிர் காக்கும் அட்ரோபின் ஊசியே ஆபத்தாவது எப்போது? சுல்வாடி துயரம் சொல்லும் பாடம்

பெங்களூரு: பூச்சிக்கொல்லி நஞ்சால் மூச்சுத் திணறி மருத்துவமனைக்கு வருபவருக்கு முதலில் செலுத்தப்படும் மருந்து அட்ரோபின். உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலும், இந்தியாவின் தேசிய அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலும் இது இடம்பெற்றுள்ளது. விலை மலிவான இந்த ஊசி மருந்து, உரிய அளவில் சென்றால் சாவின் விளிம்பில் இருப்பவரை மீட்கிறது. அளவு குறைந்தால் நோயாளி நஞ்சால் இறக்கக்கூடும். அளவு மிஞ்சினால் மருந்தே நஞ்சாகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சரியான அளவை எந்தப் புத்தகமும் முன்கூட்டியே சொல்ல இயலாது. நோயாளியின் அருகில் நின்று நிமிடக் கணக்கில் கவனிப்பவரே அதைக் கண்டறிய முடியும். அந்தக் கவனிப்புக்கு நமது தாலுகா மருத்துவமனைகள் ஆயத்தமாக உள்ளனவா என்பதே இங்கு எழும் கேள்வி.

சுல்வாடியில் நடந்தது என்ன?

கர்நாடக மாநிலம் சாமராஜநகர் மாவட்டத்தில், தமிழக எல்லைக்கு அருகே உள்ளது சுல்வாடி கிராமம். இங்குள்ள கிச்சுகுத்தி மாரம்மா கோயிலில் 2018 டிசம்பர் 14 அன்று கோபுரத்துக்கு அடிக்கல் நாட்டும் விழா நடைபெற்றது. பக்தர்களுக்குப் பிரசாதமாகத் தக்காளி சாதம் வழங்கப்பட்டது. அதை உண்ட சிறிது நேரத்தில் பலரும் வாந்தி எடுத்து மயங்கி விழுந்தனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். பலி எண்ணிக்கை 17 ஆக உயர்ந்தது. பிரசாதத்தில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி கலந்திருந்தது ஆய்வில் உறுதியானது. கோயில் நிர்வாகப் போட்டியே காரணம் எனக் கூறிய காவல்துறை, நான்கு பேரைக் கைது செய்தது.

குற்றத்தின் கொடூரமே அப்போது பெரிதும் பேசப்பட்டது. அதே நாளில் வெளிப்பட்ட மருத்துவச் சிக்கல் போதிய கவனம் பெறவில்லை. பாதிக்கப்பட்டோர் முதலில் அருகிலுள்ள மருத்துவமனைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். பின்னர் நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவில் உள்ள மைசூருக்கு ஆம்புலன்ஸ்களில் அனுப்பப்பட்டு, கே.ஆர். மருத்துவமனையிலும் பல தனியார் மருத்துவமனைகளிலும் பிரித்துச் சேர்க்கப்பட்டனர். ஒரே நேரத்தில் நூறு பேருக்கு மாற்று மருந்தும் செயற்கை சுவாசக் கருவியும் தரும் வசதி, சிற்றூர்ப்புற மருத்துவமனை எதிலும் இருக்க வாய்ப்பில்லை. இதற்கு 5 ஆண்டுகளுக்கு முன்பு, 2013 ஜூலை 16 அன்று, பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவில் இதே மோனோகுரோட்டோபாஸ் கலந்ததால் 23 குழந்தைகள் உயிரிழந்தனர்.

மருந்து செயல்படும் விதம்

மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் போன்றவை ஆர்கனோபாஸ்பேட் வகையைச் சேர்ந்த பூச்சிக்கொல்லிகள். நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை, அதன் பணி முடிந்ததும் சிதைக்க ஒரு நொதி உள்ளது. நஞ்சு அந்த நொதியை முடக்கிவிடுகிறது. அசிட்டைல்கோலின் உடலில் தேங்குகிறது. வாயில் எச்சில் வழிகிறது, கண்ணில் நீர் பெருகுகிறது, வியர்வை கொட்டுகிறது, இதயத் துடிப்பு குறைகிறது, கண்பாவை ஊசிமுனை அளவுக்குச் சுருங்குகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக நுரையீரலில் நீர் சுரந்து மூச்சை அடைக்கிறது.

அட்ரோபின், அசிட்டைல்கோலின் சென்று சேரும் இடங்களை அடைத்து அதன் வேலையைத் தடுக்கிறது. இதனால் இவ்வகை மருந்துகள் ஆன்டிகோலினெர்ஜிக் மருந்துகள் எனப்படுகின்றன. நம் ஊர்ப் புதர்களில் வளரும் ஊமத்தையில் உள்ள நச்சுப் பொருள்களும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஊமத்தங்காயைத் தின்றவர் வாய் உலர்ந்து, முகம் சிவந்து, பிதற்றத் தொடங்குவதைக் கிராமத்தார் அறிவர். அட்ரோபின் அளவு மிஞ்சினாலும் அதே நிலைதான் ஏற்படும்.

தசைகளை இயக்கும் நரம்பு முனைகளில் அட்ரோபின் வேலை செய்வதில்லை. எனவே நஞ்சால் வரும் தசைத் தளர்ச்சியை அது நீக்காது. நோயாளி தேறிவிட்டார் என நம்பிய நிலையில், ஒன்று முதல் நான்கு நாள்களுக்குள் மூச்சுத் தசைகள் செயலிழக்கும் இடைநிலைப் பாதிப்பை இலங்கை மருத்துவர்கள் 1987-இல் விவரித்தனர். அத்தகைய நேரத்தில் செயற்கை சுவாசமே உயிரைக் காக்கும்.

ஆம்பியூல் கணக்கு

இந்தியாவில் அட்ரோபின் பெரும்பாலும் ஒரு மில்லி லிட்டரில் 0.6 மில்லி கிராம் கொண்ட சிறு ஆம்பியூல்களாகக் கிடைக்கிறது. கடுமையான நஞ்சேற்றத்தில் வயது வந்தோருக்கு முதல் தவணையாக 1.8 முதல் 3 மில்லி கிராம் வரை நரம்பு வழியாகச் செலுத்தப்படுகிறது. ஐந்து நிமிடங்களில் முன்னேற்றம் இல்லையெனில் அளவு இரட்டிப்பாக்கப்படுகிறது. 3, 6, 12, 24 என்று நான்கு தவணைகள் சென்றால் மொத்தம் 45 மில்லி கிராம். அதாவது ஒரே நோயாளிக்கு, சுமார் கால் மணி நேரத்தில், 75 ஆம்பியூல்களை உடைத்து ஊசியில் ஏற்ற வேண்டும். சுல்வாடி போல நூறு பேர் வந்தால், 3 மில்லி கிராம் வீதம் முதல் தவணைக்கு மட்டுமே 500 ஆம்பியூல்கள் தேவைப்படும்.

இரவுப் பணியில் உள்ள ஓரிரு செவிலியர்கள் இந்த வேகத்தில் கண்ணாடிக் கழுத்தை உடைத்து, எண்ணி, பதிவு செய்வது எளிதன்று. எண்ணிக்கை தவறும் ஆபத்தும், கையிருப்பு தீரும் ஆபத்தும் இங்குதான் எழுகின்றன.

வங்கதேச ஆய்வு காட்டிய வழி

அளவைச் சீராகக் கூட்டும் முறைக்கு வலுவான சான்று, சிட்டகாங் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 150-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2012-இல் வெளியான ஆய்வு. ஒரு பிரிவினருக்கு வழக்கமான முறையில் இடைவெளி விட்டு அட்ரோபின் ஊசிகள் போடப்பட்டன. மற்றொரு பிரிவினருக்குப் படிப்படியாக இரட்டிப்பாக்கி, பின்னர் தொடர் சொட்டாக வழங்கப்பட்டது. முதல் பிரிவில் 22.5 சதவீதத்தினர் இறந்தனர். இரண்டாவது பிரிவில் இறந்தோர் 8 சதவீதம். அட்ரோபின் மிகுதியால் ஏற்படும் நச்சு விளைவுகள் முதல் பிரிவில் 28.4 சதவீதத்தினருக்கும், இரண்டாவதில் 12 சதவீதத்தினருக்கும் காணப்பட்டன.

வேகமாக அளவைக் கூட்டிய பிரிவிலேயே பக்க விளைவும் குறைவாக இருந்தது என்பது கவனிக்கத்தக்கது. இலக்கு எப்போது எட்டப்பட்டது என்பதை அவ்வப்போது பார்த்து, அங்கே நிறுத்தியதே இதற்குக் காரணம். மருந்தும் ஒன்றே, நோயும் ஒன்றே. கொடுத்த முறைதான் வேறு.

கண்ணைப் பார்ப்பதா, நெஞ்சைக் கேட்பதா?

கண்பாவை முழுவதும் விரியும் வரை, நாடித் துடிப்பு மிக உயரும் வரை அட்ரோபின் கொடுப்பது பழைய வழக்கம். அது பலரை மருந்து மிகுதிக்குத் தள்ளியது. இன்றைய நெறிமுறைகள் ஐந்து அறிகுறிகளைச் சொல்கின்றன: நெஞ்சில் நீர்க் கொப்புளிப்பு ஒலி நீங்கித் தெளிவாக இருத்தல், இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 80-க்கு மேல், மேல் ரத்த அழுத்தம் 80-க்கு மேல், அக்குள் உலர்ந்திருத்தல், கண்பாவை ஊசிமுனை நிலையிலிருந்து மாறியிருத்தல். இவற்றுள் முதன்மையானது நுரையீரலே. கண்பாவை தாமதமாகவே மாறக்கூடும் என்பதால், அதற்காகக் காத்திருந்து மருந்தைக் கூட்டுவது தவறு.

இலக்கை எட்டிய பின், அதற்குத் தேவைப்பட்ட மொத்த அளவில் 10 முதல் 20 சதவீதம் வரை ஒவ்வொரு மணி நேரமும் சொட்டாகச் செலுத்தப்படுகிறது. அப்போதும் கண்காணிப்பு தொடர வேண்டும். குழப்பம், பிதற்றல், காய்ச்சல், குடல் ஒலி அடங்குதல், சிறுநீர் பிரியாமை ஆகியவை மருந்து மிஞ்சியதைக் காட்டும். அந்நிலையில் சொட்டை நிறுத்தி, நோயாளி அமைதியடைந்த பின் முந்தைய வேகத்தில் 70 முதல் 80 சதவீதமாக மீண்டும் தொடங்குவது நெறிமுறை.

அட்ரோபின் வியர்வையைத் தடுப்பதால் உடலின் வெப்பம் வெளியேறுவதில்லை. கோடையில், காற்றோட்டமற்ற வார்டில், பிதற்றித் துள்ளும் நோயாளியைக் கட்டிலோடு கட்டி வைத்தால் உடல் வெப்பம் அபாய அளவை எட்டலாம். நஞ்சு தலைக்கேறிவிட்டது என உறவினர்கள் எண்ணும் நிலை, உண்மையில் மருந்து மிகுதியின் விளைவாக இருக்கக்கூடும். ஈரத் துணியும் மின்விசிறியும் இங்கு சிகிச்சையின் பகுதியே.

வயிற்று வலி ஊசியும் இதே குடும்பம்

இக்குடும்ப மருந்துகள் நஞ்சு முறிவுக்கு மட்டும் பயன்படுவதில்லை. அறுவை சிகிச்சையின்போது எச்சில் சுரப்பைக் குறைக்கவும் இதயத் துடிப்பு தாழாமல் காக்கவும் கிளைக்கோபைரோலேட் ஊசி பயன்படுகிறது. இது மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை என்பதால் பிதற்றல் குறைவு. வயிற்றுப் பிடிப்புக்கு ஹையோசின் பியூட்டைல்புரோமைடு, டைசைக்ளோமின் ஊசிகள் பரவலாகப் போடப்படுகின்றன.

டைசைக்ளோமின் ஊசியைத் தசையில் மட்டுமே போட வேண்டும்; நரம்பில் செலுத்தினால் ரத்தக் கட்டு ஏற்படலாம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் இம்மருந்து கூடாது. ஹையோசின் பியூட்டைல்புரோமைடு ஊசி, இதய நோய் உள்ளவர்களுக்குக் கடும் விளைவுகளை ஏற்படுத்தலாம் என 2017-இல் பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது.

வாய் உலர்தல், பார்வை மங்கல், ஒளிக் கூச்சம், படபடப்பு, மலச்சிக்கல், சிறுநீர் தடைபடுதல் ஆகியவை இவ்வகை மருந்துகளின் பொதுவான பக்க விளைவுகள். எனவே வழக்கமான சிகிச்சைக்காக ஊசி போடும் முன் கண் அழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம், இதய நோய், குடல் அடைப்பு, மயஸ்தீனியா எனும் தசைச் சோர்வு நோய் ஆகியவை இருந்தால் மருத்துவரிடம் தெரிவிப்பது அவசியம். ஒவ்வாமை மாத்திரைகளும் சில வகை மனச்சோர்வு மாத்திரைகளும் இதன் விளைவைக் கூட்டும். முதியோருக்குத் திடீர்க் குழப்பம் ஏற்படலாம். ஊசி போட்டுக்கொண்டவர் பார்வை தெளியும் வரை வாகனம் ஓட்டக் கூடாது.

ஆனால் பூச்சிக்கொல்லி நஞ்சால் உயிர் ஊசலாடும்போது இந்த எச்சரிக்கைகளைக் காரணம் காட்டி அட்ரோபினைத் தாமதிக்கக் கூடாது. அங்கு மருந்தின் பயன் அதன் ஆபத்தைவிட மிகப் பெரிது.

செய்ய வேண்டியது என்ன?

மருந்தின் தரத்தை உறுதி செய்வது அரசின் முதல் கடமை. 2024 நவம்பரில் பெல்லாரி அரசு மருத்துவமனையில் பிரசவ அறுவை சிகிச்சைக்குப் பின் தாய்மார்கள் அடுத்தடுத்து உயிரிழந்ததும், அவர்களுக்கு ஏற்றப்பட்ட ரிங்கர் லாக்டேட் திரவத்தின் தரம் குறித்து எழுந்த கேள்வியும், மாநில மருந்துக் கட்டுப்பாட்டாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டதும் கர்நாடகத்தில் இன்னும் மறக்கப்படவில்லை.

தரமான மருந்து வந்து சேர்ந்தாலும், அதைக் கையாளும் ஏற்பாடு வேண்டும். சிறு ஆம்பியூல்களோடு பெரிய குப்பிகளையும் தாலுகா மருத்துவமனைகளில் இருப்பு வைத்தல், ஐந்து அறிகுறிகளையும் செலுத்திய அளவையும் நேரத்தோடு குறிக்கும் அட்டையைக் கட்டில்தோறும் மாட்டுதல், செவிலியர்களுக்குத் தொடர் பயிற்சி ஆகிய மூன்றும் பெரும் செலவு பிடிக்கும் திட்டங்கள் அல்ல. பெங்களூரிலும் மைசூரிலும் உள்ள பெரிய மருத்துவமனைகளை நோயாளி அடையும் வரை அவரை உயிரோடு வைத்திருக்க இவையே உதவும்.

நஞ்சையே அகற்றுவது இன்னும் பயனுள்ள வழி. இலங்கை 1995-இல் மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட கொடிய பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தது. அடுத்த பத்தாண்டுகளில் அந்நாட்டின் தற்கொலை விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. கேரளம் 2011-இல் மோனோகுரோட்டோபாஸைத் தடை செய்தது. மத்திய அரசு 2023-இல்தான் அதன் 36 சதவீதக் கரைசலை விலக்கும் ஆணையைப் பிறப்பித்தது. சுல்வாடியில் உயிர்கள் பறிபோய் அப்போது ஏறத்தாழ 5 ஆண்டுகள் ஆகியிருந்தன.

பொதுமக்கள் கவனத்துக்கு

பூச்சிக்கொல்லியால் பாதிக்கப்பட்டவரை உடனடியாக 108 ஆம்புலன்ஸில் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். வாந்தி எடுக்கத் தூண்டக் கூடாது. நஞ்சு பட்ட உடைகளைக் களைந்து, தோலை சோப்பும் நீரும் கொண்டு கழுவ வேண்டும். உதவுபவர் கையுறை அணிவது நல்லது. பூச்சிக்கொல்லிப் புட்டியைத் தவறாமல் எடுத்துச் செல்ல வேண்டும். டெல்லி எய்ம்ஸ் தேசிய நச்சுத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற எண்ணில் அணுகலாம். மருந்துகளால் ஏற்படும் பக்க விளைவுகளை 1800 180 3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம். மன உளைச்சலில் இருப்போருக்கு, பெங்களூரு நிம்ஹான்ஸ் தலைமை மையமாக உள்ள டெலி-மானஸ் சேவை 14416 என்ற எண்ணில் தமிழிலும் உதவுகிறது.