பழைய காரின் இரண்டாவது விலை

கூடுவாஞ்சேரியில் வீடு, கிண்டியில் வேலை. தினமும் காரில் போய் வருகிற ஒருவரின் கணக்கைப் போட்டுப் பார்ப்போமா? போக சுமார் 30 கிலோமீட்டர், வர 30. மாதம் 25 நாள் என்றால் 1,500. வருஷத்துக்கு 18,000. ஆறே வருஷத்தில் மீட்டர் ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும்.

ஜி.எஸ்.டி. ரோட்டை நம்பி வாழ்கிற நம் பக்கத்துக் குடும்பங்களில் கார் இப்படித்தான் ஓடுகிறது. அதனால் விலைக்கு வரும் பழைய காரில் ‘லட்சம் கிலோமீட்டர்’ என்று பார்த்ததும் பதற வேண்டாம். ஆறு வருஷமான கார் வெறும் 35,000 காட்டினால்தான் ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும். அந்த பிராண்டின் சர்வீஸ் சென்டரில் பழைய சர்வீஸ் விவரத்தைக் கேட்டுப் பாருங்கள். ஸ்டீயரிங் வழவழவென்று தேய்ந்து, பிரேக் பெடல் ரப்பர் மொழுக்கென்று இருந்தால், மீட்டர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம்.

ஓடின தூரத்தைவிட ஓடின விதம் முக்கியம். நெடுஞ்சாலையில் சீராக ஓடி, நேரத்துக்கு ஆயில் மாற்றின லட்சம் கிலோமீட்டர் என்ஜின், தெருமுனைக் கடைக்கும் ஸ்கூலுக்கும் மட்டுமே போய் வந்த 40,000 கிலோமீட்டர் என்ஜினைவிட நன்றாக இருக்கலாம். குட்டி குட்டித் தூரம் போகிற வண்டியில் என்ஜின் சரியாகச் சூடேறுவதற்குள் ஆஃப் செய்துவிடுகிறோம். கிளட்சும் பிரேக்கும் அங்கேதான் அதிகம் தேய்கின்றன.

சரி, கார் வாங்கியாச்சு. பூஜை போட்டு, எலுமிச்சம்பழமும் நசுக்கியாச்சு. அடுத்து?

இரண்டாவது தவணை

பழைய காருக்கு இரண்டு விலை உண்டு. விற்றவர் கையில் கொடுத்தது முதல் விலை. முதல் மாதத்தில் மெக்கானிக்கிடம் கொடுக்கப் போவது இரண்டாவது விலை. கையிலிருக்கும் மூன்று லட்சத்தையும் கொட்டி கார் வாங்கிவிட்டு, ‘ரிப்பேர் வந்தால் பார்த்துக்கலாம்’ என்று இருந்தால், அது பெரும்பாலும் குடும்பத்தோடு வெளியூர் கிளம்புகிற அன்றைக்குத்தான் வரும். இரண்டரை லட்சத்துக்குக் கார், 50,000 கையில். இந்தக் கணக்கு நிம்மதி தரும்.

அந்த 50,000-ஐ எந்த வரிசையில் செலவழிப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். புது சீட் கவர், டச் ஸ்க்ரீன், அலாய் வீல் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரிவதெல்லாம் கடைசியில் வரட்டும். வரிசை இப்படி இருக்கட்டும்.

முதலில், நிற்க வேண்டும்

லாரியும் ஆம்னி பஸ்ஸும் விரட்டுகிற ரோட்டில், வண்டி ஓடுவதைவிட நிற்பது முக்கியம். நான்கு சக்கரத்தையும் கழற்றி பிரேக் பேட், டிஸ்க், பின்பக்க லைனிங் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் ஆயிலை எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால் மாற்றிவிடுங்கள். அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஏறின ஆயில், தொடர்ந்து பிரேக் பிடித்துச் சூடேறும்போது கொதித்து, பெடல் மெத்தென்று உள்ளே போய்விடும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 3519 என்றால் 2019-ஆம் வருஷம் 35-வது வாரத்தில் தயாரானது. பட்டன் ஆழமாக இருந்தாலும் டயருக்கு வயசாகியிருந்தால் ரப்பர் இறுகி வெடிப்பு விட்டிருக்கும். பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்றியே ஆக வேண்டும். ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் மறந்துவிடாதீர்கள்.

இரண்டாவது, கொதிக்கக் கூடாது

சித்திரை வெயிலில், பெருங்களத்தூர் நெரிசலில், ஏ.சி. போட்டுக்கொண்டு ஊர்வது பழைய என்ஜினுக்குக் கடும் சோதனை. ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டியிருந்தால் உள்ளே துருவும் உப்பும் படிந்திருக்கும். அதைச் சுத்தம் செய்து, கம்பெனி சொன்ன கூலன்டை நிரப்புங்கள். ரப்பர் ஹோஸ்களை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேன் தானாக ஓடுகிறதா என்று கவனியுங்கள். டெம்பரேச்சர் முள் ஏறினால் ஓரங்கட்டி என்ஜினை அணைத்துவிடுங்கள். ‘வீட்டுக்கு இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே’ என்று ஓட்டினால் ஹெட் கேஸ்கெட் போய்விடும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

மூன்றாவது, பெல்ட்

ஒரே நொடியில் என்ஜினைக் காலி செய்யக்கூடிய பொருள் டைமிங் பெல்ட். அது அறுந்தால் பல என்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி, பழைய காரின் விலையில் பெரும்பங்கை ரிப்பேரே விழுங்கிவிடும். எல்லாக் காரிலும் பெல்ட் கிடையாது. மாருதி ஸ்விஃப்டின் 1.3 டீசல் என்ஜினில் இருப்பது செயின். ஹூண்டாய் சான்ட்ரோ ஜிங், ஃபோர்டு ஃபிகோ 1.4 டீசல் போன்றவற்றில் பெல்ட். உங்கள் வண்டியில் எது என்று கேளுங்கள். பெல்ட் என்றால், மாற்றியதற்கு பில் இருக்கிறதா? இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட் மாற்றும்போதே டென்ஷனர் பேரிங்கையும் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம்.

இதற்குப் பிறகுதான் என்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், டீசல் வண்டியில் டீசல் ஃபில்டர். பலர் கண்டுகொள்ளாத கியர் ஆயிலும் உண்டு. அடுத்தது சஸ்பென்ஷன்: ஸ்பீடு பிரேக்கரில் ‘டொக்’ என்று சத்தம் வந்தால் புஷ், லிங்க் ராடு, லோயர் ஆர்ம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். அவை சரியான பிறகுதான் வீல் அலைன்மென்ட். இல்லாவிட்டால் அந்தப் பணம் வீண். பெட்ரோல் கார் என்றால் ஃபியூயல் ஹோஸ்களையும் பார்க்க வேண்டும். 2023 ஏப்ரலுக்கு முன் வந்த பல கார்கள், இப்போது பங்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல.

வெள்ளம் பார்த்த வண்டியா?

நம் பகுதியில் இந்தக் கேள்வி கட்டாயம். 2015 டிசம்பர் மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் சென்னையிலும் புறநகரிலும் கார்கள் தண்ணீரில் நின்றன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக் கோடு தெரிகிறதா? கார்பெட்டுக்குக் கீழே, ஸ்டெப்னி வைக்கும் குழியில், சீட் போல்ட்டுகளில் மண்ணோ துருவோ இருக்கிறதா? வாங்கின பிறகுதான் தெரிந்தது என்றாலும் தள்ளிப் போடாதீர்கள். கார்பெட்டைக் கழற்றிக் காய வைத்து, வயரிங் கனெக்டர்களையும் எர்த் இணைப்புகளையும் எலெக்ட்ரீஷியனிடம் சுத்தம் செய்துவிடுங்கள். ஏர்பேக் விளக்கு எரிந்தால் அதை முதல் வேலையாகப் பாருங்கள்.

சாவியைத் திருப்பியதும் செக் என்ஜின் விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் அந்த விளக்கையே யாரோ அடக்கி வைத்திருக்கலாம். ஸ்கேனர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கம்பெனி போனாலும் கார் ஓடும்

கூடுவாஞ்சேரியிலிருந்து மூன்றாவது ஸ்டேஷன் மறைமலை நகர். அங்கே கார் தயாரித்துவந்த ஃபோர்டு, 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. 2022 ஜூலையில் அந்த ஆலையிலிருந்து கடைசி கார் வெளியே வந்தது. சர்வீஸும் ஸ்பேரும் தொடரும் என்று கம்பெனி சொன்னது. ஃபிகோவும் எக்கோஸ்போர்ட்டும் இன்றும் நம் தெருக்களில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

தயாரிப்பு நின்றுபோன எந்தக் காருக்கும் ஒரு விதி: வாங்கும் முன்பே ஹெட்லைட், கிளட்ச் செட், பம்பர் இந்த மூன்றின் விலையையும், கிடைக்க எத்தனை நாளாகும் என்பதையும் விசாரித்துவிடுங்கள். புது ஸ்பேருக்குச் சென்னையில் ஜி.பி. ரோடு இருக்கிறது. பழைய பாகங்களுக்குப் புதுப்பேட்டை. கதவுக் கைப்பிடி, கண்ணாடி போன்றவற்றைப் புதுப்பேட்டையில் வாங்கலாம். பிரேக், பெல்ட், ஸ்டீயரிங் பாகங்களை மட்டும் புதிதாகவே வாங்குங்கள்.

பேப்பருக்கும் சர்வீஸ் உண்டு

ஆர்.சி. பெயர் மாற்றத்துக்கு வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வில் விண்ணப்பிக்க வேண்டும். இன்ஷூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாள்தான். அதை விட்டுவிட்டால், விபத்தில் உங்கள் காருக்கு ஆன சேதத்துக்கு க்ளெய்ம் கிடைப்பது சிக்கலாகும். பழைய ஓனரின் நோ க்ளெய்ம் போனஸ் அவருடையது. காரோடு உங்களுக்கு வராது. அபராதச் சலான் பாக்கி, பேங்க் லோன் பாக்கி இரண்டையும் பரிவாஹன் தளத்தில் பாருங்கள். பழைய ஃபாஸ்டேக்கை விற்றவர் மூடிவிட்டு, நீங்கள் புதிதாக வாங்குங்கள். இல்லையென்றால் நீங்கள் பரனூர் டோலைத் தாண்டும்போதெல்லாம் அவர் கணக்கில் பணம் போகும்.

கார் ரொம்ப மலிவாகக் கிடைத்தால் வயசைப் பாருங்கள். 15 வருஷம் முடிந்ததும் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. பசுமை வரியும், எஃப்.சி.க்குத் தயார்செய்கிற செலவும் தனி.

ஒரு நோட்டு போதும்

மெக்கானிக் பத்து ரிப்பேர் சொன்னால் மிரள வேண்டாம், சண்டையும் வேண்டாம். “அண்ணே, இதுல இப்பவே செய்ய வேண்டியது எது, ஆறு மாசம் தாங்கறது எது, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்னு விடறது எது?” என்று கேட்டு மூன்றாகப் பிரித்து எழுதி வாங்குங்கள். நல்ல மெக்கானிக் இதற்குத் தெளிவாகப் பதில் சொல்வார். கழற்றின பழைய பாகத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

பிறகு ஒரு 40 பக்க நோட்டு. தேதி, மீட்டர், என்ன மாற்றினோம், எவ்வளவு ஆனது. வீட்டில் பால் கணக்கு எழுதுகிறவர் யாரோ அவரிடமே இதையும் ஒப்படையுங்கள். பழைய ஓனர் எப்படி ஓட்டினார் என்பது பாதிதான் தெரியும். இனி ஓடப்போகும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் உங்களிடம் கணக்கு இருக்கும். நாளைக்கு இந்தக் காரை விற்கும்போது, வாங்க வருகிறவர் முதலில் பார்க்க விரும்புவதும் அந்த நோட்டைத்தான்.

அடுத்த வாரம்: மெக்கானிக் பில்லை வரி வரியாகப் படிப்பது எப்படி?