ஓடைக்கரையில் ஒரு வெள்ள மட்டம்



டூர் என்றாலே நமக்கு ஊட்டி, மைசூர், பஸ்ஸில் பாட்டு, நாலு குரூப் போட்டோ. அது தப்பில்லை. ஆனால் அதோடு நின்றுவிடலாமா?

கடந்த ஆண்டு நாங்கள் ஐந்து பேர் கொல்லிமலைக்குப் போனோம். 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸில் கடந்து, செம்மேட்டில் இறங்கி, முதுகுப் பையோடு நடந்தோம். மிளகுக்கொடி படர்ந்த மரங்கள், பலா, சாமை வயல்... சாயங்காலம் ஒரு விவசாயியிடம் அனுமதி கேட்டு, அவர் நிலத்தை ஒட்டிய ஓடைக்கரையில் தங்க ஏற்பாடு.

ஓரமாக ஒரு மணல் திட்டு, மெத்தை மாதிரி! டென்ட் அடிக்கப் போனோம். பெரியவர் தடுத்தார்.

"தம்பிகளா, அங்க வேணாம். தண்ணி சொல்லிட்டு வராது."

"வானத்துல ஒரு மேகம்கூட இல்லையே ஐயா?"

"இங்க இல்ல. மேல மழை பேஞ்சா? அந்தப் புதர்ல சருகு சிக்கியிருக்கு பாருங்க. போன தடவ தண்ணி அதுவரைக்கும் ஏறுச்சு."

எனக்குச் சுருக்கென்றது. சருகு என் இடுப்பு உயரத்தில் இருந்தது. பாலம் கட்டுமுன் அதிகபட்ச வெள்ள மட்டம் பார்க்க வேண்டும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். அது கண்ணெதிரே புதரில் தொங்கியபோது எனக்குத் தெரியவில்லை!

மேட்டில் படுத்தோம். நடுராத்திரி ஓடையின் சத்தம் மாறியது. விடிந்து பார்த்தால் மணல் திட்டைக் காணோம். செந்நிறத் தண்ணீர்தான் ஓடியது.

2018 மார்ச் 11-ல் குரங்கணி மலையேற்றத்தில் காட்டுத்தீ 23 உயிர்களைக் குடித்தது. 2024 மே 17-ல் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயதுப் பையனை அடித்துச் சென்றது. அதனால் மலைக்கே போகாதே என்பார்கள் சிலர். நான் சொல்வது, கேட்டுவிட்டுப் போ என்பதுதான்.

நம் மாணவர் பேரவைக்கு என் கோரிக்கை: வருடம் ஒருமுறை, ஆசிரியர் துணையோடு, மாணவிகளும் வரும்படி இரண்டு நாள் நடைப்பயணம் வையுங்கள். முறையான அனுமதி, உள்ளூர் வழிகாட்டி, வெள்ள மட்டத்துக்கு மேலே படுக்கை, காட்டில் தீ மூட்டாமை, கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திருப்பிக் கொண்டுவருதல் – இந்த ஐந்தும் கட்டாயம். எங்களுக்கு ஆன செலவு பஸ் சார்ஜ், அரிசி பருப்பு, டென்ட் வாடகை அவ்வளவுதான்.

புத்தகம் பொய்யில்லை நண்பர்களே. மார்க்குக்காக மட்டும் படித்த நாம்தான் குருடர்கள்.

என் அப்பா கிணறு வெட்டும் தொழிலாளி. பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவர். "உங்களுக்கு என்னப்பா தெரியும்?" என்று பலமுறை வாயடைத்திருக்கிறேன். ஊர் திரும்பிய அன்று, "மண்ணு சரியப் போகுதுன்னு எப்படிப்பா கண்டுபிடிப்பீங்க?" என்று கேட்டேன். சாப்பாடு ஆறிப்போகும் வரை பேசிக்கொண்டே இருந்தார்.

நீங்களும் உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள்!

– மூன்றாம் ஆண்டு அமைப்பியல் மாணவன்